ட்ரீட்மென்ட் ரிப்போர்ட்டை மட்டும் வச்சுக்கிட்டு மத்த பேப்பரை அழிக்கலாமா? ஓவிய மியூசியத்துல வேலை பாக்குறவங்க சொல்லுங்க

#1 பெட்டிச்சாவி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஓவிய மியூசியத்தோட ஆவண அறைல வேலை பாக்குறேன். கட்டடம் மாத்துறதால கன்சர்வேஷன் ஸ்டுடியோல (படங்களைச் சுத்தம் பண்ணி, பழுது பாக்கற இடம்) இருந்த பேப்பர் மொத்தமும் எங்ககிட்ட வந்து இறங்கியிருக்கு. ட்ரீட்மென்ட் ரிப்போர்ட் (படத்துக்கு என்ன வேலை செஞ்சாங்கங்கறது), கண்டிஷன் ரிப்போர்ட் (படம் எந்த நிலைமைல இருக்குங்கறது) எல்லாம் அக்செஷன் நம்பர், அதாவது மியூசியம் ஒவ்வொரு படத்துக்கும் கொடுக்கற பதிவு எண் போட்டு ஒழுங்கா ஃபைல்ல இருக்கு, அதுல எந்தச் சிக்கலும் இல்ல. ஆனா கூடவே கெமிக்கல் வாங்கின பில்லு, ஸ்டோர் ரெஜிஸ்டர், ஸ்டுடியோ டைரி, வாரா வாரம் மாத்தின ஈரப்பத சார்ட், டைரக்டர் ஆபீசுக்கும் ஸ்டுடியோவுக்கும் நடுவுல ஓடின மெமோ, நெகட்டிவ் டப்பா, என்னன்னே எழுதாத கவர்னு மலை மாதிரி கிடக்கு. மேலிடத்துல இருந்து வந்த உத்தரவு என்னன்னா ரிப்போர்ட்டை வச்சுக்கோங்க, மத்தது நிர்வாகப் பேப்பர், ஸ்கேன் பண்ணிட்டு அழிச்சிடுங்கன்னு. எனக்கு மனசு ஒப்பல, ஆனா ஏன் ஒப்பலன்னு மேல எழுதிக் கொடுக்குற அளவுக்கு வாதம் கைல இல்ல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, தப்பா நினைக்கிறேன்னா அதையும் சொல்லுங்க.

#2 வார்னிஷ்வாசம்

தப்பா நினைக்கலங்க. நான் ஓவியம் சுத்தம் பண்ற பக்கத்துல இருக்கறவ, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

பழைய ட்ரீட்மென்ட் ரிப்போர்ட் எடுத்துப் பாத்தீங்கன்னா பாதிக்கு மேல ஒரே வரிதான் இருக்கும், "சுத்தம் செய்து வார்னிஷ் பூசப்பட்டது", கீழ ஒரு இனிஷியல், முடிஞ்சுது. எந்த வார்னிஷ்? எதுல கரைச்சாங்க? எத்தனை கோட்? ஒண்ணும் இருக்காது, ஏன்னா அன்னைக்கு அந்த ஸ்டுடியோல எல்லாருக்கும் அது தெரிஞ்ச விஷயம், எழுதணும்னு யாருக்கும் தோணல. இப்ப அதே படம் மஞ்சளடிச்சுப் போய் என் மேஜைக்கு வருது, நான் அந்த வார்னிஷை எடுக்கணும். டாமர் மாதிரி இயற்கை ரெசின்னா (மரப் பிசின்) வயசாக வயசாக அதை எடுக்க இன்னும் கடுமையான சால்வென்ட் (கரைக்கற திரவம்) வேணும், அந்தக் கடுமை கீழ இருக்கற பெயின்ட்டையே தொட்டுடும். செயற்கை ரெசின்னா கதை வேற. சில பியூட்டைல் மெத்தாக்ரிலேட் ரெசின்கள் வெளிச்சம் பட்டுப் பட்டு உள்ளுக்குள்ள பின்னிக்கிட்டு கரையாமலே போயிடும்னு ராபர்ட் ஃபெல்லர்ங்கற வேதியியல் விஞ்ஞானி 1950கள்லயே காட்டிட்டார். ஆக அந்த வருஷம் ஸ்டுடியோ எந்த ரெசினை வாங்குச்சுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அது எங்க இருக்கும்? உங்க மேலிடம் அழிக்கச் சொல்ற அந்த ஸ்டோர் ரெஜிஸ்டர்லதான்.

கரையக்கூடிய நைலான்னு ஒரு சரக்கு 1950, 60கள்ல ரொம்பப் பேர் இஷ்டப்பட்டு பயன்படுத்தினாங்க, உதிர்ற பெயின்ட்டைப் பிடிச்சு நிறுத்த. பேருதான் கரையக்கூடியது, கொஞ்ச வருஷத்துல கரையாம இறுகிப்போய் அழுக்கையும் இழுத்து வச்சுக்கும். எந்தெந்தப் பொருள்ல அது இருக்குன்னு ரிப்போர்ட்ல இல்லன்னா பில்லையும் டைரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் தேட வேண்டியிருக்கும்.

பில்லு நிர்வாகப் பேப்பர், ரிப்போர்ட் கன்சர்வேஷன் பேப்பர்னு பிரிக்கிறது அலமாரிக்கு வேணா வசதியா இருக்கும். படத்தைப் பொறுத்த வரைக்கும் ரெண்டும் ஒரே சங்கதி.

#3 கணக்குப்பிள்ளை

அக்கா சொல்றது சரிதான், ஆனா மறுபக்கத்தையும் யாராவது சொல்லணும்ல. நான் நிர்வாகத்துல இருக்கேன். ஆடிட் முடிஞ்ச பில்லை குறிப்பிட்ட வருஷத்துக்கு அப்புறம் அழிக்கலாம்னு விதியே இருக்கு, இல்லன்னா எந்த ஆபீசும் நடக்காது. ஏசி பராமரிப்பு பில்லு, துடைப்பம் வாங்கின பில்லு, ஸ்டாஃப் லீவு லெட்டர், இதெல்லாம் எதுக்கு? ஆவண அறைல ஒவ்வொரு ஷெல்ஃபுக்கும் செலவு இருக்கு, குளிரூட்டணும், பூச்சி வராம பாக்கணும். எல்லாத்தையும் வைக்கணும்னு சொன்னா கடைசில எதையுமே ஒழுங்கா வைக்க முடியாது, முக்கியமானது குப்பைக்கு அடில போய் மாட்டிக்கும். அதையும் நான் பாத்திருக்கேன்.

#4 ஏட்டறை

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆவணக் காப்பகத் தொழில்ல இருக்கறவளா என் பங்கைச் சொல்றேன்.

முதல்ல, வந்த வரிசையைக் கலைக்காதீங்க தம்பி. 1841ல பிரான்ஸ்ல நதாலிஸ் த வாய்யிங்கற ஆவணக்காரர் முயற்சில ஒரு விதி வந்துச்சு, ஒரு அலுவலகத்துல உருவான காகிதம் எல்லாம் ஒரே தொகுதியா இருக்கணும், இன்னொரு அலுவலகத்து காகிதத்தோட கலக்கக் கூடாதுன்னு. 1898ல மூணு டச்சு ஆவணக்காரங்க, முல்லர், ஃபைத், ஃப்ராயின், கைநூல் எழுதினப்போ இன்னும் ஒரு படி மேல போய், அந்தத் தொகுதிக்குள்ள இருந்த வரிசையும் அப்படியே இருக்கட்டும்னு சொன்னாங்க. கேக்க வறட்டு விதி மாதிரி இருக்கும். ஆனா ஒரு மெமோவோட பின் குத்தி ஒரு பில்லு, பில்லோட ஒரு சின்ன கவர், கவருக்குள்ள ஒரு துளி பெயின்ட் துணுக்கு இருக்குன்னு வைங்க. பில்லை கணக்குப் பெட்டிக்கும் மெமோவை டைரக்டர் பெட்டிக்கும் அனுப்பிட்டா அந்தத் துணுக்கு எந்தப் படத்துலேர்ந்து வந்துச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஸ்கேன்லயும் அது வராது.

கணக்குப்பிள்ளை சார், எல்லாத்தையும் வைக்கணும்னு நான் சொல்லல. கழிக்கறதும் எங்க தொழில்தான், அது இல்லாத காப்பகமே கிடையாது. ஆனா ஒவ்வொரு தாளா எடுத்து இது வேணுமா வேண்டாமான்னு பாக்கக் கூடாது, இந்தக் காகிதம் எந்த வேலைல இருந்து பிறந்ததுன்னு பாத்து வரிசை வரிசையா முடிவெடுக்கணும். ஸ்டுடியோ வாங்கின பொருள், ஸ்டுடியோவுக்கு வந்த வெளி ஆள் கூலி, ஃப்ரேம் செஞ்சவங்களோட கணக்கு, படம் அனுப்பின பேக்கிங் செலவு, இதெல்லாம் நிரந்தரம். பொது அலுவலக பில்லுல மாதிரிக்கு சிலதை வச்சுக்கிட்டு மீதியை விடலாம். லீவு லெட்டர் தாராளமா போகலாம், ஆனா யார் எந்த வருஷம் ஸ்டுடியோல வேலை பாத்தாங்கங்கற ஸ்டாஃப் ரெஜிஸ்டர் இருக்கணும், இல்லன்னா ரிப்போர்ட்ல இருக்கற இனிஷியல் யாரோடதுன்னே தெரியாது. கழிச்சதுக்கும் ஒரு பட்டியல் போடுங்க, என்ன கழிச்சோம், எந்த வருஷத்து காகிதம், யார் கையெழுத்துன்னு. அந்தப் பட்டியலும் நிரந்தர ஆவணம்தான்.

ஏசி பில்லைப் பத்தி மட்டும் கொஞ்சம் பொறுங்க, அதுக்கு வேற ஒரு கதை இருக்கு, அந்தத் துறை ஆள் யாராவது வந்து சொல்லுவாங்கன்னு நினைக்கிறேன்.

#5 ஈரப்பதம்

வந்துட்டேன்.

அந்த சார்ட் ரோலை தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க. மனோட்னு வேல்ஸ்ல ஒரு சிலேட் கல் சுரங்கம், ரெண்டாம் உலகப் போர்ல லண்டன் நேஷனல் கேலரி தன்னோட படங்களை அங்கதான் 1941லேர்ந்து பதுக்கி வச்சுது. உள்ள செங்கல்ல அறை கட்டி, சூடாக்கி, கிட்டத்தட்ட 17 டிகிரி, 42 சதவீத ஈரப்பதம்னு ஆடாம அசையாம வச்சிருந்தாங்க. அதுக்கு முன்னாடி லண்டன்ல என்ன நிலைமைன்னா குளிர்காலத்துல ஹீட்டர் போட்டதும் காத்து உலரும், மரப்பலகை சுருங்கும், மேல பெயின்ட் கொப்புளிச்சு உதிரும், அதை ஒட்டி ஒட்டியே ஆளுங்களுக்குப் பொழுது போயிடும். சுரங்கத்துக்குள்ள போன பிறகு அந்த வேலை ரொம்பவே குறைஞ்சுபோச்சு. போர் முடிஞ்சு லண்டன் திரும்பினதும் மறுபடி உதிர ஆரம்பிச்சுது. கேலரிக்குக் காத்து பதப்படுத்தற மெஷின் வேணும்னு சொல்றதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேணுமா? இந்தச் சாட்சி எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிங்க. ஒரு பக்கம் ஈரப்பதக் குறிப்பு, இன்னொரு பக்கம் எந்தப் படத்துல எப்ப கொப்புளம் ஒட்டினாங்கங்கற சாதாரண வேலைக் குறிப்பு. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்ததால வந்த அறிவு.

இப்போதைய உதாரணமும் இருக்கு. ரெம்ப்ராண்ட்டோட நைட் வாட்ச்ங்கற ஓவியத்தை ஆம்ஸ்டர்டாம் மியூசியத்துல 2019லேர்ந்து ஆராய்ச்சி பண்றாங்க, அதுல மேல இடது பக்கம் கேன்வாஸ் அலையலையா நெளிஞ்சிருந்துச்சு. 2003லேர்ந்து 2013 வரைக்கும் மியூசியம் புதுப்பிச்சப்ப படத்தைத் தற்காலிகமா வேற ஒரு பகுதில வச்சிருந்தாங்க, அங்க இருந்த தட்பவெப்பம்தான் காரணம்னு மியூசியமே சொல்லுச்சு. படத்தை எப்ப எங்க மாத்தினாங்க, அந்த அறைல ஏசி எப்படி ஓடுச்சு, எப்ப நின்னுச்சு, இதெல்லாம் கட்டடப் பராமரிப்பு ஃபைல்ல இருக்கற சமாச்சாரம், ஆனா கேன்வாஸ் ஏன் நெளிஞ்சுதுன்னு கேக்கறப்ப அந்த ஃபைலைத்தான் தேடணும். கணக்குப்பிள்ளை அண்ணா, ஏசி பில்லு எதுக்குன்னு கேட்டீங்கல்ல, இதுக்குத்தான்.

#6 கணக்குப்பிள்ளை

சரி தம்பி, ஏசி பில்லை நான் விட்டுக் கொடுத்துட்டேன். இந்த மாதிரி யாரும் எங்களுக்கு விளக்கினதே இல்ல, ஃபைலை மட்டும் கேப்பாங்க, ஏன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா ஸ்கேன் பண்ணி வச்சா போதாதாங்கற கேள்விக்கு இன்னும் பதில் வரல.

#7 வார்னிஷ்வாசம்

சிலதுக்குப் போதும், சிலதுக்குப் போதாது சார். டைப் அடிச்ச மெமோவோட கார்பன் காப்பிக்கு நல்ல ஸ்கேன் போதும்னு நானே சொல்லுவேன். ஸ்டுடியோ டைரி அப்படி இல்ல. பென்சில்ல ஒருத்தர், சிவப்பு மையில இன்னொருத்தர், பத்து வருஷம் கழிச்சு ஓரத்துல மூணாவது ஆள் "இது தவறு, ரெசின் அல்ல மெழுகு"ன்னு எழுதியிருப்பார், அந்த வரிதான் எனக்குப் பொன். கறுப்பு வெள்ளைல அவசரமா ஸ்கேன் பண்ணினா மூணு பேரும் ஒரே ஆளா தெரிவாங்க, பென்சில் விழவே விழாது. சார்ட்டுல இருக்கற மெல்லிசான மைக்கோடும் அப்படித்தான். ஃபேக்ஸ் தாள், பழைய பில் மெஷின் தாள் இதெல்லாம் தெர்மல் பேப்பர், எழுத்து தானா மங்கிடும், அதை முதல்ல ஸ்கேன் பண்ணுங்க, தள்ளிப் போடாதீங்க. மைக்ராஸ்கோப்புக்கு வெட்டி ரெசின்ல பதிச்ச பெயின்ட் சாம்பிள் கட்டை கிடைச்சா அது காகிதத்தைவிட முக்கியம், இன்னொரு தடவை படத்துலேர்ந்து வெட்டாம அதையே புது மெஷின்ல வச்சுப் பாக்கலாம்.

#8 நெகட்டிவ்

டப்பா டப்பாவா நெகட்டிவ் இருக்குன்னு சொன்னீங்களே, திறந்தா வினிகர் வாசம் அடிக்குதா? அடிச்சா அசிடேட் ஃபிலிம் சிதைய ஆரம்பிச்சிருச்சு, அந்த வாசத்துல இருக்கற அமிலம் பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். உடனே தனியா பிரிச்சுக் குளிர்ல வைங்க. ரொம்பப் பழசா இருந்து நைட்ரேட்டா இருந்தா தீப்பிடிக்கற பொருள், மத்த பெட்டியோட வைக்கவே கூடாது, தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

போட்டோ எதுக்குன்னு கேப்பாங்க, அதுக்கு ரோத்கோவைச் சொல்லுங்க. அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைஞ்ச பெரிய படங்களை 1964ல ஒரு சாப்பாட்டு அறைல மாட்டினாங்க, ஜன்னல் வழியா வெயில் கொட்டுச்சு, அவர் பயன்படுத்தின லித்தால் ரெட் வெளிச்சத்துக்குத் தாங்காத நிறமி, வெளுத்துப் போச்சு. 1979ல கழட்டி உள்ள வச்சுட்டாங்க. மேல பெயின்ட் அடிச்சா அது ரோத்கோ படமே இல்ல. கடைசில 2014ல என்ன பண்ணினாங்கன்னா படத்தைத் தொடாம ப்ரொஜெக்டர்லேர்ந்து ஒவ்வொரு இடத்துக்கும் கணக்குப் பண்ணின வண்ண ஒளியைப் பாய்ச்சி பழைய நிறத்தைக் கண்ணுக்குக் கொண்டுவந்தாங்க. பழைய நிறம் எப்படித் தெரிஞ்சுது? 1964ல எடுத்த எக்டாக்ரோம் (கலர் ஃபிலிம்) ஸ்லைடு இருந்துச்சு, அதுவே மங்கிப் போயிருந்ததால அதை கம்ப்யூட்டர்ல மீட்டாங்க, மாட்டாமலே விட்ட இன்னொரு பேனல் வெளுக்காம இருந்துச்சு, அதோட ஒப்பிட்டுச் சரி பாத்தாங்க. யாரோ ஒருத்தர் அன்னைக்கு அந்த ஸ்லைடை வேண்டாத போட்டோன்னு கழிச்சிருந்தா இது நடந்திருக்காது.

இன்னும் வலிக்கிற உதாரணம் பெர்லின். போர் நேரத்துல மியூசியப் படங்களைப் பதுக்கி வச்சிருந்த ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன் கோபுரத்துல 1945 மே மாசம் தீப்பிடிச்சு 400க்கு மேல ஓவியம் போச்சு, கரவாஜியோவோட மத்தேயு படம் உட்பட. இன்னைக்கு அந்தப் படங்கள் எப்படி இருந்துச்சுன்னு தெரியுதுன்னா அது பெரும்பாலும் பழைய கறுப்பு வெள்ளை போட்டோவால.

#9 பெட்டிச்சாவி

வினிகர் வாசம் அடிக்குது. இன்னைக்கே பிரிச்சிடுறேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணா குறிச்சுக்கிட்டு இருக்கேன்.

இன்னொண்ணு கேக்கணும். டிரஸ்டி கூட்டத்து மினிட்ஸும் அது கூட இருந்த ரகசியம்னு போட்ட கவரும் இதுல கலந்து வந்திருக்கு. ஒரு படத்தை சுத்தம் பண்ணினது பத்தி உள்ளுக்குள்ள சண்டை நடந்த மாதிரி தெரியுது. இதை வெளி ஆய்வாளருக்குக் காட்டலாமா? காட்டினா மியூசியம் பேர் கெடும்னு ஒரு பேச்சு இருக்கு.

#10 கல்லுளி

காட்டாம வச்சா என்ன ஆகும்னு பிரிட்டிஷ் மியூசியத்துக்கிட்ட கேளுங்க. பார்த்தினான்ங்கற பழைய கிரேக்கக் கோயிலோட சிற்பங்களை டுவீன்ங்கற கலை வியாபாரி பணத்துல கட்டின புது கேலரில வைக்கறதுக்காக 1937, 38ல சுத்தம் பண்ணினாங்க, வெள்ளையா தெரியணும்னு செம்புக் கருவியாலயும் கார்பரண்டம்ங்கற தேய்க்கற கல்லாலயும் மேல்பரப்பையே சுரண்டியிருக்காங்க. 1938ல டைரக்டர் கண்டுபிடிச்சு உள்விசாரணை நடந்துச்சு, வெளில கொஞ்சமா சொல்லிட்டு மூடிட்டாங்க. விசாரணைக் காகிதம் பல பத்து வருஷம் வெளி ஆளுக்குக் கிடைக்கல. 1990கள்ல வெளில வந்தப்ப ஏற்பட்ட கோபம் இருக்கே, சுரண்டினதைவிட மறைச்சதுக்குத்தான் அதிகம். 1999ல மியூசியமே ஒரு மாநாடு கூட்டி எல்லாத்தையும் மேஜைல வைக்க வேண்டியதாச்சு.

எனக்கு இதுல பெரிய விஷயம் என்னன்னா அந்தக் காகிதத்தை அழிக்காம வச்சிருந்தாங்க. அதனாலதான் எந்தக் கல்லுல எந்த இடத்துல எவ்வளவு போச்சுன்னு இன்னைக்குப் பேச முடியுது.

#11 கணக்குப்பிள்ளை

இதுல நான் அவ்வளவு சுலபமா ஒத்துக்க மாட்டேன். மினிட்ஸ் கவர்ல சண்டை மட்டும் இருக்காது, இன்சூரன்ஸ் மதிப்பு இருக்கும், அலாரம் எங்க இருக்குன்னு வரைபடம் இருக்கும், பேர் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்ட நன்கொடையாளர் இருப்பார், ஒரு ஊழியரோட உடல்நிலை பத்தி இருக்கும். எல்லாத்தையும் திறந்து வைன்னா அது பொறுப்பில்லாத பேச்சு.

#12 ஏட்டறை

சார் சொல்றதுக்குத்தான் கால வரம்புன்னு ஒண்ணு இருக்கு. பிரிட்டன்ல 1958 சட்டத்துல பொது ஆவணத்தை 50 வருஷம் கழிச்சு வெளி ஆளுக்குத் திறக்கணும்னு வச்சாங்க, 1967ல அதை 30 ஆக்கினாங்க, 2010 சட்டத்துல 20ன்னு குறைச்சாங்க. அதுக்கு மேலயும் மூடி வைக்கணும்னா காரணம் எழுதணும். உங்க மியூசியத்துக்கு எந்தச் சட்டம் பொருந்துதுன்னு முதல்ல பாருங்க தம்பி, ஆனா முறை எல்லா இடத்துக்கும் ஒண்ணுதான். முழு ஃபைலையும் மூடாதீங்க, அந்தத் தாளை மட்டும் மூடி, அது இருந்த இடத்துல "இந்தத் தாள் இந்த வருஷம் வரை மூடப்பட்டது, காரணம் இது"ன்னு ஒரு அட்டை வைங்க. அப்படி ஒரு தாள் இருக்குன்னு படிக்கறவருக்குத் தெரியணும். பேர் கெடுங்கறது மட்டும் ஒரு காரணமே கிடையாது.

காட்டறப்ப கவனமும் வேணும். 1990கள்ல ஜான் ட்ரூன்னு ஒருத்தன், ஜான் மையாட் வரைஞ்ச போலிப் படங்களை விக்கறதுக்காக லண்டன்ல டேட், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் மாதிரி இடத்து காப்பகத்துக்கே உள்ள போய் போலிக் காகிதத்தைச் செருகினான். கண்ணியமான ஆய்வாளர் வேஷம், டேட்டுக்கு நன்கொடைகூட கொடுத்தான். படத்தைச் சந்தேகப்பட்டவங்க காப்பகத்துல போய்ப் பாத்தா பழைய கேட்டலாக்ல அதே படம் இருக்கும், ஏன்னா அதை வச்சதே அவன்தான். 1999ல ஜெயிலுக்குப் போனான், ஆனா எந்த ஃபைல்ல என்ன செருகினான்னு நம்பிக்கையோட சொல்றது ரொம்பக் கஷ்டமாப் போச்சு. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு இதைவிடப் பெரிய காயம் கிடையாது. அதனால ஒவ்வொரு ஃபைல்லயும் தாளுக்குப் பென்சில்ல நம்பர் போடுங்க, மொத்தம் எத்தனை தாள்னு முதல் அட்டைல எழுதுங்க, யார் எந்த ஃபைலை எந்தத் தேதி பாத்தாங்கங்கற ரெஜிஸ்டரை எந்தக் காரணத்துக்கும் கழிக்காதீங்க.

#13 ஈரப்பதம்

பழசைப் பத்தியே பேசிட்டோம், இப்ப நடக்கறதை யாராவது யோசிக்கிறாங்களா? இப்ப ஈரப்பதம் சென்சார்ல பதிவாகி கம்பெனி சாஃப்ட்வேருக்குள்ள போகுது, ஒப்பந்தம் முடிஞ்சா டேட்டாவும் போச்சு. எந்த சால்வென்ட் போடலாம்னு கன்சர்வேட்டரும் க்யூரேட்டரும் வாட்ஸ்அப்ல பேசி முடிவு பண்றாங்க, போன் மாத்தினா அந்தப் பேச்சு போயிடுது. மெழுகும் ரெசினும் வச்சு நைட் வாட்ச்சுக்குப் பின்னாடி துணி ஒட்டினது 1851ல ஹாப்மன்னு ஒருத்தர்ங்கறது நமக்கு இன்னைக்கும் தெரியுது. போன வருஷம் நடந்த வேலைல என்ன போட்டோம்னு இன்னும் முப்பது வருஷம் கழிச்சுத் தெரியுமான்னு எனக்கு நிஜமாவே பயமா இருக்கு. சென்சார் டேட்டாவை மூணு மாசத்துக்கு ஒருக்கா சாதா டெக்ஸ்ட் ஃபைலா எடுத்து சென்சார் எந்தச் சுவத்துல எந்த உயரத்துல இருந்துச்சுங்கற வரைபடத்தோட சேத்து வைங்க. கேலிபரேஷன் சர்ட்டிபிகேட்டும் (சென்சார் சரியா காட்டுதான்னு சோதிச்ச சான்று) சேந்தே இருக்கணும், இல்லன்னா அந்த எண்ணை நம்ப முடியாது.

#14 வார்னிஷ்வாசம்

பெட்டி திறக்கறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை சொல்ல மறந்துட்டேன். பழைய ஸ்டுடியோ, ஸ்டோர் ரூம்ல பூச்சி வராம இருக்க ஆர்செனிக், பாதரச உப்பு, டிடிடி எல்லாம் போட்டிருக்காங்க, பொருள் மேலயும், சில இடத்துல அலமாரிக்குள்ளயும். அமெரிக்கால 1990 சட்டத்துக்கு அப்புறம் பூர்வகுடி மக்களுக்கு அவங்க பொருளைத் திருப்பிக் கொடுத்தப்ப, சடங்குல உடம்புல போட்டுக்க வேண்டிய பொருள்ல விஷம் இருக்குன்னு தெரியவந்துச்சு. எதுல என்ன போட்டாங்கங்கற குறிப்பு பல இடத்துல இல்லவே இல்ல, ஒவ்வொண்ணா எக்ஸ்ரே கருவி வச்சுச் சோதிக்க வேண்டியதாச்சு. கையுறை, மாஸ்க் இல்லாம தொடாதீங்க. வெள்ளைப் பொடி தெரிஞ்சா ஊதாதீங்க, அப்படியே மூடி வச்சுட்டு ஆளைக் கூப்பிடுங்க. பூச்சி மருந்து வாங்கின பில்லு கிடைச்சா மேலிடத்துக்கு அதைத்தான் முதல் காகிதமா காட்டணும்.

#15 பெட்டிச்சாவி

பூச்சி மருந்து பில்லு இருக்குங்க, ஸ்டோர் ரெஜிஸ்டர்ல ரெண்டாவது கட்டுலயே வருது. அறை எண்ணோட எழுதியிருக்கு.

மேல எழுதற குறிப்பை இப்படிப் போடலாம்னு இருக்கேன். ஸ்டுடியோவோட வாங்கல் கணக்கு, டைரி, ஈரப்பத சார்ட், ஏசி பராமரிப்பு, ஸ்டாஃப் ரெஜிஸ்டர், சாம்பிள், நெகட்டிவ் எல்லாம் நிரந்தரம். பொது பில்லுல மாதிரி மட்டும். தெர்மல் தாளும் நெகட்டிவும் ஸ்கேன்ல முதல் வரிசை. மினிட்ஸ் கவர் மூடாம, தாள் தாளா பாத்து காலம் குறிக்கறது. கழிச்சதுக்கு கையெழுத்தோட பட்டியல். பூச்சி மருந்து பில்லோட நகலை முதல் இணைப்பா வைக்கிறேன்.

#16 கணக்குப்பிள்ளை

குறிப்புல ஷெல்ஃப் கணக்கும் சேருங்க தம்பி. இவ்வளவு மீட்டர் வந்துச்சு, இவ்வளவு கழிக்கிறோம், மீதி இவ்வளவுன்னு நம்பரா கொடுத்தாத்தான் என்னை மாதிரி ஆள் கையெழுத்துப் போடுவான். அனுப்பறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவை போடுங்க, நிர்வாகத்துல எந்த வரிக்கு எதிர்ப்பு வரும்னு நான் பாத்துச் சொல்றேன்.

#17 ஏட்டறை

ஆமா, போடுங்க. அதுவரைக்கும் ஒரு பெட்டியும் நகரக் கூடாது, நகர்த்தியே ஆகணும்னா இப்ப எந்த ஷெல்ஃப்ல எந்த வரிசைல இருக்குன்னு போட்டோ எடுத்துட்டு, பெட்டி மேல நம்பர் ஒட்டிட்டு நகர்த்துங்க.